தூக்குச் சட்டி இன்னும் என்னிடம் இருக்கிறது

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

எனக்கு வயது 29. சொந்த ஊர் திண்டுக்கல். திருமணமாகி ஒன்றரை ஆண்டாக அமெரிக்காவில், டாலஸை ஒட்டிய பிரிஸ்கோவில் இருக்கிறேன். எனக்கு, கணவரின் வேலை விசாவைச் சார்ந்து மனைவிக்குத் தரும் ஹெச்-4 விசா. வேலைக்குப் போக அனுமதி இல்லை. காலையில் கணவர் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினால் மாலை வரை நானும் ஃப்ரிட்ஜின் இரைச்சலும்தான்.

இந்திய மளிகைக் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு பெண், "நீங்கள் தமிழா?" என்று கேட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த வாரமே தூக்குச் சட்டியில் வத்தக்குழம்போடு வீட்டுக்கு வந்தார். அடுத்த வாரம் நான் அவருக்குத் தங்கையாகிவிட்டேன். மூன்றாவது வாரம், "நல்ல குடும்பங்கள் கூடும் இடம்" என்று ஒரு ஹோட்டல் அரங்குக்கு அழைத்துப்போனார். என்ன கூட்டம் என்று கேட்டதற்கு, "வந்து பார், சொன்னால் புரியாது" என்றார். மேடையில் ஒவ்வொருவராக ஏறி, முப்பத்தைந்து வயதில் வேலையை விட்ட கதையைச் சொன்னார்கள். சத்துப் பொடியும் சோப்பும் வாங்கி விற்று, நமக்குக் கீழே ஆள் சேர்க்க வேண்டுமாம்.

கணவரிடம் சொல்லாமல் மூன்று மாதம், மாதம் 300 டாலருக்கு வாங்கினேன். நான்காம் மாதம் முடியாது என்றேன். வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். கோயிலில் என்னைப் பார்த்ததும் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பணம் போனதைவிட அதுதான் வலிக்கிறது. இனி யாரை நம்புவது? அந்தத் தூக்குச் சட்டியைத் திருப்பிக் கொடுப்பதா, வேண்டாமா என்றுகூடத் தெரியவில்லை.

— ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்களை ஏமாளி என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். பல மாதம் பட்டினி கிடந்தவருக்கு யார் சோறு போட்டாலும் ருசிக்கும். அந்த வத்தக்குழம்பு பொய் என்றும் நான் சொல்லமாட்டேன். அவரும் ஒருவருக்குக் கீழே சேர்க்கப்பட்டவர்தான். உங்களுக்கு நல்லது செய்வதாகவே நம்பியிருக்கலாம்.

ஆனால் அந்த வேகத்தைப் பாருங்கள். கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, அறிமுகமானவர் சாதாரண நண்பராக ஏறத்தாழ 50 மணி நேரம் சேர்ந்து கழிய வேண்டும். நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல். நீங்களும் அக்காவும் இரண்டு வாரத்தில் எத்தனை மணி நேரம் பேசியிருப்பீர்கள்? பத்து? அதற்குள் உடன்பிறப்பு என்றால், அங்கே யாருக்கோ அவசரம் இருந்திருக்கிறது.

எதற்காகக் கூடுகிறோம் என்பதை நல்ல சங்கம் வாசலிலேயே சொல்லிவிடும். சந்தா எவ்வளவு என்று கேட்டால் ஒரு தொகை பதிலாக வரும். பதிவுபெற்ற லாப நோக்கற்ற அமைப்பு என்று சொல்லிக்கொண்டால், அமெரிக்க வருமான வரித் துறையின் இணையதளத்தில் பெயரைத் தேடி வரிவிலக்குப் பதிவு உண்டா என்று பார்த்துவிடலாம். எனக்கு இதைவிட நம்பிக்கையான சோதனை ஒன்று உண்டு: ஆரம்பத்திலேயே ஒரு சின்ன "முடியாது" சொல்லிப் பாருங்கள். "சரி, அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று விட்டுவிடுகிறார்களா, ஏன் ஏன் என்று துளைக்கிறார்களா?

உங்கள் ஊர்ப் பக்கத்துப் பொது நூலகங்களில் ஆங்கில உரையாடல் வகுப்பு இலவசமாக நடக்கிறதா என்று விசாரியுங்கள். வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள் பெரும்பாலும் தன்னார்வலர்களால்தான் ஓடுகின்றன. ஏதாவது ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு வாராவாரம் அதே நேரத்துக்குப் போய்வாருங்கள். முதல் மாதம் சலிப்பாகத்தான் இருக்கும். யாரும் குழம்பு கொண்டுவர மாட்டார்கள்.

இதற்கெல்லாம் முன்னால், இன்றிரவே கணவரிடம் பண விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். வேலை அனுமதி இல்லாதவர் விற்றுக் கமிஷன் வாங்கினால் விசாவுக்கே சிக்கல் வரலாம். விற்றிருந்தால் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரை இருவருமாகப் பாருங்கள். ஹெச்-4இல் இருப்பவர்களில் ஒரு பகுதியினர் 2015 முதல் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்க முடிகிறது. அது பெரும்பாலும் கணவருடைய கிரீன் கார்டு (நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) மனுவைப் பொறுத்தது; அந்த மனு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்றும் அவரிடம் கேட்டுவிடுங்கள்.

தூக்குச் சட்டியைக் கொடுத்துவிடுங்கள். வெறும் பாத்திரமாகத் தரக் கூடாது என்பார்கள் நம் வீடுகளில். ஒரு கரண்டி சர்க்கரை போட்டுக் கொடுங்கள். அவர் உள்ளே கூப்பிட்டால், வேறு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம்.