டாட்சன் 1200 பிக்கப்பில் ஐந்து கியர் பெட்டி பொருந்துமா?

டர்பன் சாட்ஸ்வொர்த்தில் அப்பாவின் டாட்சன் 1200 பிக்கப்பைச் சீரமைக்கும் தம்பி, நான்கு கியர் பெட்டிக்குப் பதிலாக ஐந்து கியர் பெட்டி போடலாமா என்று கேட்டிருக்கிறார்.

தாராளமாகப் போடலாம். தென்னாப்பிரிக்காவின் ரோஸ்லின் ஆலையில் 2008 வரை தயாரான நிசான் 1400 உங்கள் வண்டியின் நேர் வாரிசு. இரண்டிலும் இருப்பது நிசானின் ஏ வரிசை இன்ஜின்தான். நிசான் 1400-இன் பிந்தைய மாடல்களின் ஐந்து கியர் பெட்டியைத் தேடுங்கள். வாங்கும் முன் ஆயிலைக் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். பித்தளைப் பொடி மினுமினுத்தால் கியர் சிக்கலின்றி மாற உதவும் சின்க்ரோ வளையங்கள் தேய்ந்துவிட்டன, அந்தப் பெட்டி வேண்டாம்.

பெட்டியிலிருந்து பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டில்தான் கவனம் தேவை. பெட்டியின் நீளம் மாறினால் ஷாஃப்டின் நீளத்தையும் மாற்ற வேண்டும். பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தில் புதுத் துளைகள் தேவைப்படலாம். ஷாஃப்டின் நீளத்தை அளக்கும்போது வண்டி தன் சக்கரங்களில் நிற்கட்டும். ஜாக்கியில் தூக்கினால் பின் ஆக்சில் கீழே தொங்கி அளவு தவறிவிடும். ஷாஃப்டின் முன்முனை பெட்டிக்குள் முழுவதும் போய் இடிக்கக் கூடாது, சுமார் 2 சென்டிமீட்டர் மிச்சம் விடுங்கள். வெட்டி ஒட்டிய ஷாஃப்டை பேலன்ஸ் பார்க்காமல் தயவுசெய்து மாட்டாதீர்கள்.

டர்பன் அருகே உள்ள ஃபீல்ட்ஸ் ஹில் ஏற்றத்தில் ஐந்தாம் கியர் உதவாது. நெடுஞ்சாலையில் சீராக ஓடும்போதுதான் இன்ஜினின் அலறல் அடங்கும். அப்பாவின் பழைய பெட்டியை மட்டும் விற்றுவிடாதீர்கள், தம்பி.