பிள்ளையைக் காப்பகத்தில் விட்டு வேலைக்குப் போவது சுயநலமா?

கேட்டவர் பெரிய ஊரில் வேலை பார்ப்பவர், மாமியார் ஏதோ சொல்லியிருக்கிறார் என்று நினைக்கிறேன். சுயநலம் இல்லை. எத்தனை பிள்ளைக்கு ஒரு ஆயா என்று மட்டும் விசாரித்துவிட்டு நல்ல இடமாகச் சேருங்கள்.

எங்களுக்குத் தேனி மாவட்டம் கம்பம். அம்மா மலை ஏறிக் கேரளாவில் வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போவார். ஆறு மணிக்கெல்லாம் ஜீப் கிளம்பிவிடும், திரும்ப இருட்டிவிடும். பால்வாடியோ பத்து மணிக்குத் திறந்து மூன்று மணிக்கு முடிந்துவிடும். அதிலும் கைக்குழந்தையைச் சேர்க்க மாட்டார்கள். தம்பிக்கு ஐந்து மாதம் ஆனதும் அம்மா மறுபடி ஜீப் ஏறினார். நான் அப்போது ஏழாம் வகுப்பு. முதலில் வாரம் இரண்டு நாள் லீவு, அப்புறம் காய் சீசன் முழுக்க. கடைசியில் டீச்சரும் கேட்பதை விட்டுவிட்டார். தொட்டில் கயிற்றைக் கால் கட்டைவிரலில் கட்டி ஆட்டிக்கொண்டே பின்னக் கணக்கு போட்டுப் பார்த்திருக்கிறேன். நிறுத்தினால் முழித்துவிடுவான்.

அம்மாவைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அவர் போகாவிட்டால் அடுப்பு எரியாது. 1951-ம் வருடத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில், 50 பெண்களோ அவர்களுடைய 20 பிள்ளைகளோ இருந்தால் தோட்டத்திலேயே காப்பகம் வைக்க வேண்டும் என்று இருந்தது. அம்மா போன தோட்டத்தில் முப்பது பேர்கூட இல்லை. இருந்திருந்தாலும் அந்த ஜீப்பில் பச்சைப்பிள்ளையை எப்படித் தூக்கிப்போவது? எங்கள் பக்கம் இப்பவும் ஒரு ஜீப்பில் பதினைந்து பேரை அடைக்கிறார்கள். எங்காவது கவிழ்ந்தால் ஒரு வாரம் மறித்துப் பிடிப்பார்கள், எட்டாம் நாள் பழையபடிதான். சரி, அது வேறு கதை.

தம்பி இன்று இன்ஜினீயர். போன வருடம் அவன் மனைவி பிள்ளையைக் காப்பகத்தில் விடலாமா என்று கேட்டதற்கு, “என்னையெல்லாம் காசு கொடுத்தா வளர்த்தாங்க?” என்றான். நான் அங்கேதான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அவள்தான் திரும்பி, “மதினி, நீங்க எத்தனாவது வரைக்கும் படிச்சீங்க?” என்றாள். அவன் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டான்.

சேர்த்துவிட்டார்கள். மாதம் எட்டாயிரமாம். அங்கே பார்த்துக்கொள்ளும் ஆயாவுக்கு என்ன சம்பளம் என்று கேட்டேன். அதெல்லாம் விசாரிக்கவில்லையாம்.