கொய்யா பறிக்கிறவரைக் கேளுங்கள்

கேள்வி: சொந்த ஊர் திண்டுக்கல். மொரீஷியஸில் ரோஸ் ஹில்லுக்கு வேலைக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது. ஞாயிறுதோறும் பிளாக் ரிவர் ஜார்ஜஸ் காட்டில் நடக்கிறேன். வழிகாட்டிப் பலகை வைத்த பாதைகள் அலுத்துவிட்டன. போனில் மேப் இருக்கிறதே, தெரியாத பக்கம் தனியாகப் போனால் என்ன? உள்ளூர்க்காரர்களிடம் கேட்கலாம் என்றால், இங்கே பேசும் கிரியோல் மொழி எனக்கு அரைகுறை.

பதில்: தம்பி, சிறுமலையில் ஏறிய கால் சும்மா இருக்காதுதான். ஆனால் அங்கே காட்டு மாட்டுக்குப் பயந்து பார்த்து நடந்திருப்பீர்கள். மொரீஷியஸில் காட்டு மாடு இல்லை, விஷப்பாம்புகூட இல்லை. அதனால்தான் ஏமாந்துபோகிறோம்.

பல வருடம் முன்பு, ஒரு மே மாதம், மேப்பில் பார்த்த ஒற்றையடிப் பாதையை நம்பி அதே காட்டில் பிளேன் ஷாம்பேன் மேட்டுப் பக்கம் இறங்கினேன். கொஞ்ச தூரத்திலேயே சீனக் கொய்யாப் புதர் பாதையை மூடிவிட்டது. பக்கத்தில் இடைவெளி தெரிந்தது, நுழையப் போனேன். கொய்யா பறித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினார். குச்சியால் ஒரு கிளையை மெல்ல விலக்கினார். இடுப்பு உயரத்தில், இலைக்கு அடியில், காய்ந்த தாமரைக்காய் மாதிரி ஒரு கூடு. மேலே மஞ்சள் குளவிகள். கிரியோலில் 'மூஸ் ஜோன்' என்றார். அந்த இடைவெளியும் பாதை இல்லையாம், மான் தடம். "கீழே திறந்து, மேலே கிளை மூடியிருந்தால் அது மனுஷன் போன வழி இல்லை" என்றார். இது எந்த மேப்பில் இருக்கிறது?

இந்தக் காடு ஒரு தேசியப் பூங்கா; சுமார் 67 சதுர கிலோமீட்டர்தான். ஆனால் மேட்டில் மூடுபனி இறங்கினால் பத்தடி தெரியாது. முதலில் பூங்காவின் பெத்ரேன் நிலையத்து வனக்காவலர்களிடம் எந்தப் பாதை மூடியிருக்கிறது என்று கேளுங்கள். மூடிய பக்கம் போகவே வேண்டாம். 1974-இல் காட்டில் நான்கே நான்கு மிஞ்சியிருந்த மொரீஷியஸ் வல்லூறு இந்தப் பள்ளத்தாக்குகளில்தான் பிழைத்தது; அவர்கள் கறாராக இருப்பதில் தப்பில்லை. பூங்காவுக்கு வெளியே 'ஷாஸ்ஸே' என்ற தனியார் வேட்டைக் காடுகள் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை மான் வேட்டைக் காலம். எந்தக் கிழமை சுடுகிறார்கள் என்பதைப் பக்கத்து ஊரான சமாரெல் கடைக்காரர்களிடம் விசாரியுங்கள்.

அரைகுறைக் கிரியோல் ஒரு குறையே இல்லை. சிரித்துவிட்டு மெதுவாகப் பேசுவார்கள். 'பொன்ஸூர்' என்று வணக்கம் சொல்லாமல் மட்டும் பேச்சைத் தொடங்காதீர்கள். "வழி எது?" என்றால் எல்லோரும் "நேராப் போ" என்பார்கள். "மழை பெய்த மறுநாள் எந்தப் பக்கம் நீங்கள் போகமாட்டீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு நிற்காது. கிரியோல் கைகொடுக்காவிட்டால் கோயிலில் சாப்பாட்டுப் பந்தியில் விசாரியுங்கள். யாருக்காவது ஒரு மாமா வனத்துறையில் இருப்பார்!

நாள் முழுக்கக் கூட வருகிறவருக்குக் கூலியை முதல்நாளே பேசிவிடுங்கள். எனக்கு வழி காட்டிய பெரியவர் காசு வாங்கவில்லை, பிளாஸ்க்கில் இருந்த டீயைத்தான் குடித்தார். மே மாதம் போனால் ஒரு டப்பாவும், உப்பு கலந்த மிளகாய்த்தூளும் எடுத்துப் போங்கள். கொய்யாவை இங்கே அப்படித்தான் சாப்பிடுவார்கள்.