வாங்கும் முன்: நாய்க்குக் கடிக்கிற பொம்மை

சென்ற முறை குட்டி நாய் வாங்குவது பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், வாங்கிய குட்டி வீட்டில் எதையெல்லாம் கடிக்கிறது என்பதைப் பற்றித்தான். அதனால் இந்த முறை கடிக்கிற பொம்மைகள் மட்டும்.

வாசகி, மன்னார்குடி: எங்கள் லேப்ரடார் குட்டிக்கு நாலு மாதம். செருப்பு, கட்டில் கால், சார்ஜர் வயர் எதையும் விடுவதில்லை. அதற்கென்றே ஒரு பழைய செருப்பைக் கொடுத்தோம். அப்படியும் புதுச் செருப்பைக் கடிக்கிறது. என்ன வாங்கலாம்?

முதலில் அந்தப் பழைய செருப்பை எடுத்துவிடுங்கள். எது பழையது, எது புதியது என்று குட்டிக்கு எப்படித் தெரியும்? இரண்டிலும் உங்கள் கால் வாசனைதான். நாலு மாதம் என்பது பால்பல் விழுந்து நிலைப்பல் முளைக்கிற நேரம். பால்பல் 28, நிலைப்பல் 42. ஆறேழு மாதத்துக்குள் மாறி முடிந்துவிடும். அதுவரை ஈறு நமநமவென்று இருக்கும், பாவம், கடிக்காமல் என்ன செய்யும்? குட்டிகளுக்கென்று விற்கிற மெத்தென்ற ரப்பர் பொம்மை ஒன்று போதும். பழைய பருத்தித் துண்டை நனைத்து முறுக்கி ஃப்ரீசரில் வைத்து, விறைத்ததும் கொடுத்துப் பாருங்கள், ஈறுக்கு இதமாக இருக்கும். ஆனால் பக்கத்திலேயே இருங்கள், நூல் பிரிய ஆரம்பித்தால் வாங்கிவிடுங்கள். சார்ஜர் வயரை இன்றைக்கே மேலே ஏற்றிக் கட்டுங்கள். அதில் இருப்பது மின்சாரம்.

வாசகர், திருவாரூர்: டென்னிஸ் பந்து கொடுக்கலாமா?

எறிந்து எடுத்துவரச் சொல்லலாம். உட்கார்ந்து மெல்ல விடக்கூடாது. மேலே இருக்கும் கம்பளி, மணல் ஒட்டியதும் உப்புத்தாள் மாதிரி பல்லைத் தேய்த்துவிடும்.

வாசகர், கும்பகோணம்: 'உடையவே உடையாது, பல்லுக்கு நல்லது' என்று அட்டையில் போட்டிருந்த நைலான் எலும்பை 650 ரூபாய்க்கு வாங்கினேன். மூன்றாவது வாரம் நாயின் மேல்பல்லில் ஒரு சில்லு பெயர்ந்துவிட்டது. கடைக்காரர், 'பொம்மை நல்லாத்தானே இருக்கு, எதை மாத்தித் தரச் சொல்றீங்க?' என்கிறார்.

அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்திலேயே எல்லாம் இருக்கிறது. பொம்மை உடையவில்லை, அதனால்தான் பல் உடைந்தது. நாயும் கடினமான பொருளும் மோதினால் ஏதாவது ஒன்று விட்டுக்கொடுத்தாக வேண்டும். விட்டுக்கொடுக்க வேண்டியது பொம்மை.

இந்த 'உடையவே உடையாது' என்ற சொல்லைப் பார்த்தாலே எனக்கு ஆத்திரம் வருகிறது. எங்கள் வீட்டு மணிக்கு நானும் இதே மாதிரி ஒன்றை, நல்ல கனமாக இருக்கிறதே என்று நம்பி வாங்கினேன். கொஞ்ச நாளில் அவன் ஒரு பக்கமாகவே சாப்பிட ஆரம்பித்தான். உதட்டைத் தூக்கிப் பார்த்தால், மேல் வரிசையில் கன்னத்தை ஒட்டி இருக்கிற பெரிய பல்லில் வெளிப்பக்கம் பலகை மாதிரிப் பிளந்து, நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி. பல்லின் உயிர்ச்சதை அது. பல்லைப் பிடுங்கத்தான் வேண்டியிருந்தது. அந்த வலியோடு எத்தனை நாள் வாலை ஆட்டிக்கொண்டு இருந்தானோ.

கடையிலேயே செய்து பார்க்க இரண்டு சோதனைகள் இருக்கின்றன. கட்டைவிரல் நகத்தால் அழுத்துங்கள், லேசாகவாவது தடம் விழ வேண்டும். இன்னொன்று, அதை எடுத்து உங்கள் முழங்காலில் தட்டுங்கள். வலித்தால் பல்லுக்கு ஆகாது. நைலான், மாட்டுக் குளம்பு, காய்ந்த எலும்பு பெரும்பாலும் இங்கேயே கழிந்துவிடும்.

அப்புறம் அட்டையில் போட்டிருப்பதைப் பற்றி. குழந்தைகள் பொம்மைக்கு, அதாவது 14 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் விளையாடுவதற்கு, 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். நாய்ப் பொம்மைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆகவே 'நச்சு இல்லாதது' என்று அச்சடித்திருந்தால், அந்த முத்திரைக்காகச் சோதித்துப் பார்த்து எழுதியது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நாய் வாயில் கிடந்த அதே பொம்மையை நம் வீட்டுத் தவழும் பிள்ளையும் எடுத்து வாயில் வைக்கிறது. இதைத்தான் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

ஆனால் பொட்டலமாக விற்கும் எந்தப் பொருளுக்கும் 2011-ஆம் ஆண்டு விதிகள் உண்டு. செய்தவர், பொட்டலமிட்டவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும், அதிகபட்ச விலை, செய்த மாதம், ஆண்டு, புகார் சொல்ல ஒரு தொடர்பு, வெளிநாட்டுப் பொருள் என்றால் எந்த நாடு என்பது எல்லாம் இருக்க வேண்டும். முகவரி இல்லாத அட்டையை அப்படியே கடையில் வைத்துவிட்டு வாருங்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 'பல்லுக்கு நல்லது' என்று எழுதி விற்றிருக்கிறார்கள், பல் உடைந்திருக்கிறது. பில், அட்டை, பொம்மை, பல்லின் படம், கால்நடை மருத்துவரின் சீட்டு ஐந்தையும் ஒரே பையில் பத்திரப்படுத்துங்கள். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். நடக்கவில்லை என்றால் தஞ்சாவூரில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். 650 ரூபாய்க்காகவா என்று யாராவது கேட்பார்கள். வைத்தியச் செலவையும் சேர்த்துக் கேளுங்கள்.

வாசகர், வேதாரண்யம்: கோடியக்கரைப் பக்கத்திலிருந்து ஒருவர் மான் கொம்புத் துண்டு தருவதாகச் சொல்கிறார். வெளிநாட்டில் நாய்க்கு அதைத்தான் கொடுக்கிறார்களாமே?

வாங்காதீர்கள், கையிலும் தொடாதீர்கள். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். தானாக உதிர்ந்த கொம்பு என்று சொன்னாலும் அதுதான். பல் உடைவதும் அதே கதைதான்.

வாசகி, மயிலாடுதுறை: எங்கள் ராஜபாளையம் எதைக் கொடுத்தாலும் பத்து நிமிடத்தில் கிழித்துவிடுகிறது. கயிற்றுப் பொம்மை மட்டும் தாங்குகிறது. நூலைக் கொஞ்சம் விழுங்குகிறது, மலத்தில் வந்துவிடுகிறது. பரவாயில்லைதானே?

பரவாயில்லை இல்லை, அம்மா. இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

எங்கள் ஜூலிக்கு நான் வாங்கியதும் கயிற்றுப் பொம்மைதான். மூன்று வண்ணம், இரண்டு முடிச்சு. ஒரு நாள் காலை தயிர்சாதத்தை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். மதியம் மஞ்சளாக வாந்தி. மறுநாள் வயிற்றைத் தொட விடவில்லை. அறுவை சிகிச்சை செய்த மருத்துவர் காட்டினார்: நூலின் ஒரு முனை எங்கோ மாட்டிக்கொள்ள, மீதி உள்ளே இறங்கியிருக்கிறது. பாவாடையில் நாடாவை இழுத்தால் துணி சுருங்குமே, அப்படிக் குடல் கொசுவம் கொசுவமாகச் சுருங்கிக் கிடந்தது. அந்த நூல் குடலை அறுத்திருந்தால் அவள் இல்லை. பிழைத்தாள்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். ஆசனவாயில் நூல் தொங்கினால் இழுக்கவே கூடாது, உள்ளே அறுத்துவிடும். நேராக மருத்துவரிடம் போங்கள். ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, டெல்டாக்காரர்களுக்கு அது பெரிய வசதி.

உங்கள் ராஜபாளையத்துக்கு உள்ளே கூடாக இருக்கும் கெட்டி இயற்கை ரப்பர்தான் சரி. நகம் பதியும், ஆனால் சீக்கிரம் பிய்யாது. அமெரிக்காவில் 1970-களில் ஃபிரிட்ஸ் என்ற ஜெர்மன் ஷெப்பர்டு கல்லைக் கடித்துப் பல்லைக் கெடுத்துக்கொண்டிருந்தது. வேனிலிருந்து கழற்றிய ஒரு ரப்பர் பாகத்தை அது விரும்பிக் கடிப்பதைப் பார்த்த அதன் சொந்தக்காரர் ஜோ மார்க்கம் உருவாக்கியதுதான் 'காங்' பொம்மை. அந்த வகையில் இன்று பலர் செய்கிறார்கள். நாயின் எடையைப் பார்த்து அளவு எடுங்கள். சந்தேகம் வந்தால் ஒரு அளவு பெரியது. முழுதாகத் தொண்டைக்குள் போகக்கூடிய எதுவும் வேண்டாம்.

வாசகர், தஞ்சாவூர்: ஆன்லைனில் 199 ரூபாய்க்கு ஆறு பொம்மை. பெயின்ட் உரிகிறது, மண்ணெண்ணெய் மாதிரி நாற்றம். டப்பாவைத் தூக்கிப் போட்டுவிட்டேன், விற்றவர் யார் என்று பார்க்கவில்லை. போன தடவையும் இப்படித்தான் ஆனது. பணம் திரும்பக் கிடைக்குமா?

போன தடவையும் இப்படித்தான் என்று நீங்களே எழுதுகிறீர்கள். அப்புறம் ஏன் மறுபடியும் பார்க்காமல் வாங்கினீர்கள்? ஆறில் ஒன்றையும் நாய்க்குக் கொடுக்காதீர்கள், அதுதான் இப்போது முக்கியம். ஆனால் தூக்கிப் போட்டுவிடாமல் ஒரு கவரில் கட்டி வையுங்கள். ஆர்டர் விவரத்துக்குள் போனால் பில்லும் விற்றவர் பெயரும் இருக்க வேண்டும். தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் புகார் கிடைத்தது என்று ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அடுத்த முறை பொட்டலம் வந்ததும் பிரிக்கும்போதே படம் எடுங்கள்.

வாசகர், நாகப்பட்டினம்: வயது 71. தனியாக இருக்கிறேன், துணைக்கு ஒரு நாட்டு நாய். கடையில் வெள்ளை எலும்பு மாதிரி ஒன்றைக் கொடுத்து, 'பால்ல செஞ்சது ஐயா, கரைஞ்சிடும்' என்றார்கள். முனை பிய்ந்து தொண்டையில் அடைத்துக்கொண்டது. பக்கத்து வீட்டுப் பையன் எடுத்துவிட்டதால் பிழைத்தது. பில்லில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று இருக்கிறது. பிள்ளைகள் என்னைத்தான் திட்டுகிறார்கள்.

ஐயா, உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. கேட்டு வாங்கினீர்கள், பொய் சொல்லி விற்றிருக்கிறார்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அது மாட்டுத் தோலாகத்தான் இருக்க வேண்டும். தோலின் உள்அடுக்கைச் சுண்ணாம்பு மாதிரியானவற்றில் ஊறப் போட்டு, முடி நீக்கி, வெளுத்து, முறுக்கிக் காயவைப்பது. மிச்சம் இருந்தால் ஒரு துண்டை ராத்திரி தண்ணீரில் போட்டு வையுங்கள். காலையில் ஊதி வழவழவென்று கிடந்தால் தோல்தான். வயிற்றுக்குள்ளும் இதேதான் நடக்கும், சீக்கிரம் கரையாது.

பில்லில் அப்படி அச்சடித்துவிட்டால் சட்டம் மாறிவிடாது. குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்ப வாங்க மறுப்பது முறையற்ற வணிகம் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. பில்லோடு ஒரு முறை போய்க் கேளுங்கள், அந்தப் பையனையும் கூட்டிப் போங்கள். மறுத்தால் 1915-க்குப் பேசுங்கள், தமிழிலேயே பேசலாம். உங்கள் பிள்ளைகளிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள்.

வாசகர், பட்டுக்கோட்டை: தென்னந்தோப்பு வீடு. நாய்க்கு மட்டையும் கொட்டாங்கச்சியும்தான் பொம்மை. தப்பா?

கொட்டாங்கச்சி கூராக உடையும், மட்டை நார் வயிற்றில் பந்தாகத் திரளும். மாங்கொட்டையும் சோளக்கட்டையும் இன்னும் மோசம், குடலில் அப்படியே அடைத்துக்கொள்ளும். மாம்பழ நாட்களில் குப்பைக் கூடையை மூடி வையுங்கள். சைக்கிள் டயர் வெட்டிப் போடுகிறவர்களுக்கும் சொல்கிறேன், அதன் ஓரத்தில் கம்பி இருக்கிறது.

வாசகி, பாபநாசம்: கூடு ரப்பர் பொம்மைக்குள் வைக்க விலை கொடுத்துப் பசை வாங்க வேண்டுமா?

வேண்டாம். நொய்க் கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சி, ஆறவைத்து, கொஞ்சம் தயிர் விட்டுப் பிசைந்து அடைத்து, ராத்திரி ஃப்ரீசரில் வையுங்கள். காலையில் கொடுத்தால் அரை மணி நேரம் நக்கிக்கொண்டு கிடக்கும். உப்பு, வெங்காயம் சேர்க்காதீர்கள். சர்க்கரைப் பொங்கல் மிச்சத்தை அடைக்கவே அடைக்காதீர்கள், அதிலிருக்கும் உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கழுவும்போது பொம்மையை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். ஓரம் பிய்ந்து ஒரு துண்டு குறைந்திருந்தால் குப்பையில் போட்டுவிட்டு, அந்தத் துண்டு எங்கே என்று தேடுங்கள்.