இல்லாத ஒரு ராஜ்ஜியத்தின் வரலாறு

கேள்வி: மத நம்பிக்கையும் போரும் சேர்ந்து உருவாக்கிய கற்பனை ராஜ்ஜியங்களில் உங்களை மிகவும் பாதித்தது எது? அதன் வரலாற்றை விளக்க முடியுமா?

பிரெஸ்டர் ஜான் ராஜ்ஜியத்தைத்தான் சொல்வேன். ‘பிரெஸ்டர்’ என்பது பாதிரியாரைக் குறிக்கும் சொல். பாதிரியாராகவும் பேரரசராகவும் ஒருசேர விளங்கிய ஜான் என்பவர் கீழைத் திசையில் எங்கோ ஆண்டதாகக் கருதப்பட்ட நாடு அது. கதைக்காக ஓர் எழுத்தாளர் படைத்த நாடாக இருந்திருந்தால் நான் இவ்வளவு காலம் அதைப் பற்றித் தேடிப் படித்திருக்க மாட்டேன். பன்னிரண்டாம் நூற்றாண்டு முதல் பதினாறாம் நூற்றாண்டு வரை போப்பாண்டவர்களும் ஐரோப்பிய அரசர்களும் அந்த நாடு உண்மையிலேயே இருப்பதாக நம்பினார்கள், அதற்குத் தூதர்களை அனுப்பினார்கள், அதன் படை வரும் என்று காத்திருந்தார்கள். அந்த நம்பிக்கையால் உண்மையான மனிதர்கள் உயிரிழந்தார்கள்.

எனக்கு இதில் ஆர்வம் வந்ததற்கு ஊரும் ஒரு காரணம். நான் வளர்ந்தது மயிலாப்பூரில். இயேசுவின் சீடரான புனித தோமையாரின் கல்லறை அங்கே சாந்தோமில் இருப்பதாக நெடுங்காலமாக நம்பப்படுகிறது. தோமையார் இந்தியாவுக்குச் சென்று சமயம் பரப்பினார் என்ற செய்தியை ஐரோப்பா மறக்கவே இல்லை. 1122இல் இந்தியாவின் கிறித்தவத் தலைவர் என்று சொல்லிக்கொண்ட ஜான் என்பவர் ரோமாபுரிக்கு வந்து, தோமையாரின் உடல் இருக்கும் கோயிலைப் பற்றியும் அங்கே நிகழும் அற்புதங்களைப் பற்றியும் போப்பாண்டவர் முன்னிலையில் பேசினார். கிழக்கே கிறித்தவர்கள் இருக்கிறார்கள் என்றால் அவர்களுக்கு அரசரும் இருக்க வேண்டும் அல்லவா? அந்த அரசருக்கு உருவம் கொடுத்தது ஒரு தோல்வி.

1144 டிசம்பரில், ஜெருசலேமுக்காக முஸ்லிம்களோடு போரிட்ட ஐரோப்பியச் சிலுவைப் போர் வீரர்களின் கையிலிருந்த எடெஸ்ஸா நகரம் முஸ்லிம் ஆட்சியாளர் சங்கியிடம் வீழ்ந்தது. அடுத்த ஆண்டு, சிரியாவின் ஜபலா நகர ஆயர் ஹியூ என்பவர் இத்தாலிக்கு வந்து போப்பாண்டவரிடம் உதவி கேட்டார். அப்போது அவர் சொன்ன செய்தியை ஃப்ரைசிங் நகர ஆயர் ஓட்டோ தம் வரலாற்று நூலில் பதிவு செய்திருக்கிறார். பாரசீகத்துக்கும் ஆர்மீனியாவுக்கும் அப்பால் ஜான் என்னும் நெஸ்டோரியக் கிறித்தவ (ரோமாபுரியிலிருந்து பிரிந்து கிழக்கே பரவிய திருச்சபையைச் சேர்ந்த) அரசர் இருக்கிறார்; அவர் பாரசீக அரசர்களைப் போரில் வென்றார்; பிறகு ஜெருசலேமுக்கு உதவப் புறப்பட்டார்; ஆனால் டைக்ரிஸ் ஆற்றைக் கடக்கப் படகுகள் இல்லை; வடக்கே ஆறு உறையும் என்று கேள்விப்பட்டு அங்கே சென்று சில ஆண்டுகள் காத்திருந்தும் ஆறு உறையாததால், படையில் பலரை இழந்து நாடு திரும்பினார். இந்தக் கதையில் என்னை மிகவும் நெகிழச் செய்வது அந்த ஆறுதான். உதவிக்கு ஒருவர் இருக்கிறார் என்ற நம்பிக்கையையும், அவர் ஏன் இன்னும் வரவில்லை என்ற கேள்விக்கான விடையையும் அது ஒரே நேரத்தில் கொடுத்துவிடுகிறது.

இதன் பின்னணியில் உண்மையான போர் ஒன்று இருந்தது. 1141 செப்டம்பரில் சமர்கந்துக்கு அருகே கத்வான் என்னுமிடத்தில் செல்ஜூக் சுல்தான் சஞ்சார், மத்திய ஆசியாவின் காரா கிட்டாய் நாட்டு மன்னர் யெலூ தாஷியிடம் பெருந்தோல்வி அடைந்தார். யெலூ தாஷி கிறித்தவர் அல்லர். வட சீனத்தை ஆண்ட கித்தான் அரச குலத்தவர், பௌத்த மரபில் வந்தவர். ஆனால் முஸ்லிம் சுல்தானை யாரோ கிழக்கிலிருந்து வந்து தோற்கடித்தார்கள் என்ற செய்தி பல வாய்களைக் கடந்து மத்தியதரைக் கடலை அடைந்தபோது, எதிரியின் எதிரி நம் மதத்தவராகத்தான் இருக்க வேண்டும் என்று மக்கள் முடிவு செய்துகொண்டார்கள்.

சுமார் 1165இல் ஒரு கடிதம் சுற்றுக்கு வந்தது. பிரெஸ்டர் ஜானே பைசாந்தியப் பேரரசர் மனுவேலுக்கு எழுதியதாகச் சொல்லப்பட்ட அதை உண்மையில் எழுதியவர் யாரென்று இன்றுவரை கண்டறியப்படவில்லை. 72 அரசர்கள் தமக்குத் திறை செலுத்துவதாகவும், அக்கால ஐரோப்பியர் வகுத்துக்கொண்ட மூன்று இந்தியாக்களும் தம் ஆட்சிக்குள் இருப்பதாகவும், அவற்றுள் தொலைவிலுள்ள இந்தியாவில் தோமையாரின் உடல் இருப்பதாகவும் அதில் ஜான் சொல்கிறார். சொர்க்கத்திலிருந்து இரத்தினங்களைச் சுமந்து வரும் ஆறு, தண்ணீரே இல்லாமல் மணல் மட்டும் அலையடிக்கும் கடல், முதுமையைப் போக்கும் ஊற்று, தூரத்து நாடுகளில் நடக்கும் சதிகளைக் காட்டும் பெரும் கண்ணாடி ஆகியவை அங்கே உண்டு. பாம்புகள் நிறைந்த மிளகுக் காட்டுக்குத் தீ வைத்துப் பாம்புகளை ஓட்டிய பிறகே மிளகு எடுக்கிறார்களாம். மிளகின் விலையை மட்டும் அறிந்து, மிளகுக் கொடியைக் கண்டிராதவர்கள் அந்தத் தொலைவைக் கற்பனையால் நிரப்பியிருக்கிறார்கள்.

கடிதத்தில் போர் பற்றிய பகுதியைத் தனியாகக் கவனிக்க வேண்டும். ஜான் போருக்குச் செல்லும்போது கொடிகளுக்குப் பதிலாகப் பொன்னாலும் மணிகளாலும் செய்த 13 பெரிய சிலுவைகள் தேர்களில் முன்னே செல்லும். ஒவ்வொன்றின் பின்னாலும் 10,000 குதிரை வீரர்களும் 1,00,000 காலாட்படையினரும் வருவார்கள். கூட்டிப் பார்த்தால் 14 லட்சத்து 30 ஆயிரம் பேர். அமைதிக் காலத்திலோ அவர் முன்னே வெறும் மரச் சிலுவையும், மனிதன் மண்ணுக்கே திரும்புவான் என்பதை நினைவூட்ட மண் நிரப்பிய பொற்பாத்திரமும் செல்லும். அந்த நாட்டில் பொய்யரும் இல்லை, திருடரும் இல்லை, ஏழையும் இல்லை. போப்பும் ஜெர்மானியப் பேரரசரும் ஓயாமல் மோதிக்கொண்டிருந்த காலத்தில், சமயத் தலைமையும் அரசுத் தலைமையும் ஒரே மனிதரிடம் சண்டையின்றி அமைந்த நாடாக இதை ஒருவர் எழுதியது தற்செயலாக இருக்க முடியாது என்பது என் கருத்து. கடிதம் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டு, இன்றும் இருநூறுக்கும் மேற்பட்ட கையெழுத்துப் பிரதிகளில் கிடைக்கிறது. 1177இல் மூன்றாம் அலெக்சாண்டர் போப், இந்தியர்களின் அரசர் ஜானுக்கு ஒரு மடல் எழுதித் தம் மருத்துவர் பிலிப் வழியாக அனுப்பினார். பிலிப்புக்கு அதன்பின் என்ன நேர்ந்தது என்பதற்கு எந்தப் பதிவும் இல்லை.

இதுவரை பெரிய தீங்கு ஏதும் இல்லை. ஐந்தாம் சிலுவைப் போரில்தான் இந்தக் கற்பனை உயிர்களைப் பறித்தது. 1219 நவம்பரில் சிலுவைப் படை எகிப்தின் டாமியெட்டா துறைமுகத்தைப் பிடித்திருந்தது. டாமியெட்டாவுக்கு ஈடாக ஜெருசலேமையே தருவதாகச் சுல்தான் அல் காமில் சொன்னதைப் போப்பின் பிரதிநிதி பெலாஜியஸ் ஏற்கவில்லை. 1221இல் ஒரு செய்தி வந்தது: பிரெஸ்டர் ஜானின் வழித்தோன்றலான தாவீது அரசர் பாரசீகத்தை அழித்தபடி மேற்கு நோக்கி வருகிறார். அக்கர் நகர ஆயர் ழாக் த வித்ரி இதை மகிழ்ச்சியோடு கடிதங்களில் எழுதி ஐரோப்பாவுக்கு அனுப்பினார். படை நகர்ந்ததற்கு ஜெர்மானிய வீரர்கள் புதிதாக வந்து சேர்ந்தது உட்பட வேறு காரணங்களும் உண்டு. ஆனால் கிழக்கிலிருந்து துணை வருகிறது என்ற நம்பிக்கை அந்த முகாம் முழுவதும் பரவியிருந்தது. ஜூலையில் கெய்ரோவை நோக்கிப் புறப்பட்டவர்கள் நைல் நதியில் வெள்ளம் பெருகும் காலத்தில் சிக்கினார்கள். எகிப்தியர்கள் மதகுகளைத் திறந்துவிட, சேற்றில் அகப்பட்ட படை ஆகஸ்ட் இறுதியில் சரணடைந்தது. டாமியெட்டாவும் போயிற்று, ஜெருசலேமும் கிடைக்கவில்லை.

அந்தத் ‘தாவீது அரசர்’ செங்கிஸ்கான். அவருடைய தளபதிகள் ஜெபேயும் சுபுதேயும் அதே காலத்தில் கிறித்தவ நாடான ஜார்ஜியாவுக்குள் நுழைந்து அதன் படையைச் சிதறடித்தார்கள். வந்தவர்களைக் கிறித்தவர்கள் என்று எண்ணியதால்தான் தாங்கள் எச்சரிக்கையாக இருக்கவில்லை என்று ஜார்ஜியாவின் அரசி ருசுதான் பிறகு போப்புக்கு எழுதினார். இந்த வரலாற்றில் நான் திரும்பத் திரும்பப் படிக்கும் இடம் இதுதான். காப்பாற்ற வருவான் என்று எதிர்பார்த்தவனுக்கு எதிராக யாரும் கோட்டைக் கதவைச் சாத்துவதில்லை.

மங்கோலியர்களின் அரசவைக்குச் சென்ற துறவிகளில் ரூப்ருக் ஊரைச் சேர்ந்த வில்லியம் நேர்மையான மனிதர். 1253 முதல் 1255 வரை பயணம் செய்த அவர், ஜானின் மேய்ச்சல் நிலங்கள் என்று சொல்லப்பட்ட இடத்தைக் கடந்ததாகவும், சில நெஸ்டோரியர்களைத் தவிர அங்கே யாருக்கும் அவரைப் பற்றி எதுவும் தெரியவில்லை என்றும் எழுதினார். மார்கோ போலோவோ, செங்கிஸ்கானிடம் தோற்ற கெரையித் இனத் தலைவர் ஓங் கானே ஜான் என்றார். கெரையித்துகள் நெஸ்டோரியக் கிறித்தவர்கள் என்பதால் அதில் ஓரளவு பொருத்தம் இருந்தது. ஆனால் தோற்று இறந்த அரசரால் ஐரோப்பாவுக்குப் பயன் இல்லை. எனவே ராஜ்ஜியம் இடம் பெயர்ந்தது. பதினான்காம் நூற்றாண்டில், கொல்லத்தின் ஆயராக நியமிக்கப்பட்ட ஜோர்டானஸ் போன்றவர்கள் எத்தியோப்பியப் பேரரசரே அவர் என்று எழுதத் தொடங்கினார்கள்.

எத்தியோப்பியா நான்காம் நூற்றாண்டு முதல் கிறித்தவ நாடு. தனக்கென்று மொழியும் திருச்சபையும் அரச மரபும் உடையது. 1441இல் ஃபிளாரன்ஸ் நகரில் கூடிய திருச்சபைச் சங்கத்துக்கு வந்த எத்தியோப்பியத் துறவிகளிடம் அவர்களுடைய அரசரைப் பிரெஸ்டர் ஜான் என்றே மற்றவர்கள் குறிப்பிட, எங்கள் அரசர் சாரா யாக்கோபுக்கு அப்படி ஒரு பெயர் இல்லை என்று அவர்கள் மறுத்தார்கள். யாரும் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. 1487இல் போர்ச்சுகல் அரசர் பெரோ ட கோவில்யாவை அதே ஜானைத் தேடி அனுப்பினார். அவர் கண்ணூரையும் கோழிக்கோட்டையும் பார்த்துவிட்டு, கடைசியில் எத்தியோப்பியாவை அடைந்தார். மரியாதையும் நிலமும் மனைவியும் கிடைத்தன, திரும்பிச் செல்ல மட்டும் அனுமதி கிடைக்கவில்லை. 1498இல் வாஸ்கோ ட காமாவின் மாலுமிகள் மொசாம்பிக் கரையில், ஜானின் நாடு அருகில்தான் இருக்கிறது என்று கேட்டு ஆனந்தக் கண்ணீர் விட்டதாக அந்தப் பயணக் குறிப்பேடு சொல்கிறது. 1520இல் சென்ற தூதுக்குழுவின் பாதிரியார் பிரான்சிஸ்கோ ஆல்வரெஸ் கண்டதோ, மாயக் கண்ணாடிகள் நிறைந்த அரண்மனையை அல்ல. கூடாரங்களோடு ஊர் ஊராக நகர்ந்துகொண்டிருந்த லெப்னா தெங்கெலின் அரசவையை. முதிர்ந்த கோவில்யாவையும் அவர்கள் அங்கே சந்தித்தார்கள்.

கதையின்படி உதவிக்கு வர வேண்டியவர் ஜான். நடந்தது நேர்மாறு. 1529 முதல் இமாம் அகமது இப்னு இப்ராகிமின் படைகள் எத்தியோப்பியாவைச் சூறையாட, லெப்னா தெங்கெல் 1540இல் தலைமறைவாகவே இறந்தார். 1541இல் வாஸ்கோவின் மகன் கிறிஸ்டோவாவோ 400 துப்பாக்கி வீரர்களோடு உதவிக்கு வந்து, அடுத்த ஆண்டே பிடிபட்டுத் தலை வெட்டப்பட்டார். எஞ்சிய போர்ச்சுகீசியரும் புதிய பேரரசர் கலாவ்தெவோஸும் சேர்ந்து 1543இல் வைனா தெகா போரில் வென்றார்கள், இமாம் கொல்லப்பட்டார்.

பல நூற்றாண்டுகளாக வேட்கையுடன் தேடிய நாட்டைக் கண்டுகொண்ட ஐரோப்பா, அதன் கிறித்தவம் தன்னுடையதைப் போல் இல்லை என்பதைப் பொறுத்துக்கொள்ளவில்லை. கத்தோலிக்கத் துறவியரான இயேசு சபையினர் வந்தார்கள், 1622இல் பேரரசர் சுசெனியோஸ் கத்தோலிக்கரானார், மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். ஒரே நாட்டவர் ஒருவரையொருவர் வெட்டிச் சாய்த்த போர்களுக்குப் பிறகு, 1632இல் அவர் பழைய சமயத்துக்கே மக்களைத் திரும்ப அனுமதித்துவிட்டு முடியைத் துறந்தார். அவருடைய மகன் ஃபாசிலிதஸ் இயேசு சபையினரை நாட்டை விட்டு வெளியேற்றினார்.