ஒளியும் நிழலும் சூழ்ந்த அறை அமைக்க எத்தனை விளக்கு வேண்டும்?

சிறிய கண்காட்சி அறை ஒன்றில், உள்ளே வருபவரை ஒளியும் நிழலும் சூழ்ந்துகொள்ள வேண்டும், எத்தனை விளக்கு போடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்றே ஒன்று போடுங்கள்.

லாகூரில் பிறந்து அமெரிக்காவில் வாழும் கலைஞர் அனிலா கய்யூம் ஆகாவின் கலைப்படைப்பான 'இன்டர்செக்‌ஷன்ஸ்' அப்படிப்பட்டதுதான். ஆறரை அடி மரப்பெட்டி, ஆறு பக்கமும் லேசரில் வெட்டிய பின்னல் வேலைப்பாடு, நடுவில் ஒரே பல்ப். சுவர், தரை, கூரை எல்லாம் பூவேலையாகிவிடும். பெண்களுக்கு மசூதியில் இடம் கிடைக்காத சூழலில் வளர்ந்தவர், ஸ்பெயினின் அல்ஹம்ப்ராவைப் பார்த்துவிட்டு வந்து இதைச் செய்தார். 2014இல் கிராண்ட் ராபிட்ஸ் நகரின் ஆர்ட்பிரைஸ் போட்டியில் மக்கள் பரிசு, நடுவர் பரிசு இரண்டிலும் இடம்பிடித்தது.

பல்ப் எண்ணிக்கையைவிட அதன் அளவு முக்கியம். நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது. ப்ளைவுட்டில் இரண்டடிப் பெட்டி செய்து, சிக்குக் கோலம் வெட்டி, உள்ளே சாதாரண 9 வாட் எல்இடி பல்பை மாட்டினேன். சுவரில் கோலத்தையே காணோம், வெறும் மங்கல். பால்நிற உருண்டை 6 செ.மீ. அகலம், பல்புக்கும் பெட்டிப் பக்கத்துக்கும் ஓரடி, அங்கிருந்து சுவருக்கு ஐந்தடி. அந்த ஐந்து மடங்கில் ஒவ்வொரு கோட்டின் ஓரமும் 30 செ.மீ. கலங்கிவிடுகிறது! 5 மி.மீ. அளவே உள்ள ஒற்றைச் சிப் எல்இடிக்கு மாற்றினேன். கலங்கல் இரண்டரை செ.மீ.க்குள் அடங்கியது, கோலம் சுவரேறியது.

கேரளத்துப் பகவதி கோயில்களில் கம்பராமாயணம் பாடி ஆடும் தோல்பாவைக்கூத்தில் 21 விளக்குகளை வரிசையாக ஏற்றுவார்கள். அத்தனை சுடர் இருப்பதால்தான் பாவையைத் திரையோடு ஒட்டிப் பிடிக்கிறார்கள். கொஞ்சம் விலக்கினாலும் உருவம் கரையும். அங்கே அந்தக் கரைதலே ஓர் அழகு. ஆனால் உங்கள் அறையில் நிழல் வெகுதூரம் போயாக வேண்டும்.

பளபளக்கும் டைல்ஸ் வேண்டாம், பல்ப் அதில் கண்ணாடியில் தெரிவதுபோலத் தெரியும். பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே ஆள் நடக்க இடம் விடுங்கள். இதில் கஞ்சத்தனம் கூடவே கூடாது. என் அக்கா மகள் அந்த இடைவெளியில்தான் போய் நின்றாள். கோலத்தின் ஒரு வளைவு அவள் உள்ளங்கையில் விழுந்தது. கையைப் பெட்டிப் பக்கம் கொண்டுபோனாள், வளைவு சிறுத்தது. சுவர்ப் பக்கம் நகர்த்தினாள், பெருத்தது. பத்து நிமிடம் அதையே செய்துகொண்டிருந்தாள்.