ஒரே நாளில் எடுத்த ரத்தம். காலாவதி மட்டும் வேறு வேறு, ஏன்?

கேள்வி: அப்பாவுக்கு இடுப்பு மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை. அவருக்காக ஒதுக்கிய இரண்டு ரத்தப் பைகளும் ஒரே நாளில் எடுத்தவை. ஒன்றுக்குக் காலாவதி 35 நாள், மற்றதற்கு 42 நாள். எடுத்து 28 நாளாகிவிட்டது. “கெமிக்கல் கலந்த பழைய ரத்தம் வேண்டாம்” என்கிறார்கள் உறவினர்கள். புது ரத்தம் கேட்கலாமா?

பதில்: தேவையில்லை. லேபிளைப் பாருங்கள். 35 நாள் பையில் சிபிடிஏ-1 என்றும், மற்றதில் எஸ்ஏஜிஎம் என்றும் இருக்கும். இரண்டும் ரத்தம் கெடாமல் காக்கும் கரைசல்களின் பெயர்கள். வித்தியாசம் அந்தக் கரைசலில்தான்.

ரத்தம் உறையக் கால்சியம் வேண்டும். சிபிடிஏ-வில் உள்ள சிட்ரேட் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 350 மி.லி. பையில் இந்தக் கரைசல் 49 மி.லி. முன்பே இருக்கும், தானம் கொடுக்கும்போது பை ஆடிக்கொண்டே இருப்பது இரண்டும் நன்றாகக் கலக்கத்தான். சரி, உறையாமல் இருந்தால் மட்டும் போதுமா? 2 முதல் 6 டிகிரி குளிரிலும் சிவப்பணுவுக்குச் சாப்பாடு வேண்டும். அதற்கு டெக்ஸ்ட்ரோஸ். அமிலத்தன்மை ஏறாமல் பார்த்துக்கொள்ள பாஸ்பேட். அணுவின் ஆற்றல் வற்றாமலிருக்க அடினின். 21 நாளாக இருந்த ஆயுளை 35 ஆக்கியது இதுதான்.

எஸ்ஏஜிஎம் பையில் பிளாஸ்மாவைப் பிரித்துவிட்டு, மிஞ்சிய சிவப்பணுக்களுக்கு உப்பு, அடினின், குளுக்கோஸ், மேனிட்டால் கலந்த கரைசல் சேர்ப்பார்கள். மேனிட்டால் அணுக்கள் உடைவதைக் குறைக்கும். அதனால் 42 நாள்.

இந்தத் தேதிகள் குத்துமதிப்பாகப் போட்டவை அல்ல. ஏற்றி 24 மணி நேரம் கழித்தும் சிவப்பணுக்களில் குறைந்தது 75 சதவீதம் உடலில் ஓட வேண்டும் என்பதே அளவுகோல். நாளாக நாளாகப் பையில் பொட்டாசியம் கசிவது உண்மைதான். பச்சிளங்குழந்தைக்கு ரத்தம் மாற்றும்போது புதியதைத் தேடுவது அதனால்தான். சிறுநீரகம் ஒழுங்காக இருக்கும் பெரியவருக்கு ஒன்றிரண்டு பை நிதானமாக ஏறினால் அது பொருட்டல்ல. பல நாடுகளில் ஆயிரக்கணக்கான நோயாளிகளிடம் நடந்து 2016-ல் வெளியான ஆய்விலும், புது ரத்தம் ஏற்றியவர்களிடம் இறப்பு குறையவில்லை.

சிட்ரேட்டைக் கல்லீரல் உடைத்துவிடும். பல பைகளை வேகமாக ஏற்றும்போதுதான் கால்சியம் குறைந்து உதடு மரத்துப்போகும். டாக்டர்கள் அதைக் கண்காணிப்பார்கள்.

உறவினர்களுக்கு வேலை கொடுக்க வேண்டுமென்றால், பை வார்டில் சும்மா கிடக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். ரத்த வங்கியின் குளிர்பெட்டியை விட்டு வெளியே வந்ததும் நேரம் ஓட ஆரம்பித்துவிடும். நான்கு மணி நேரத்துக்குள் ஏற்றி முடிக்க வேண்டும். அப்புறம், சில்லென்று இருக்கிறதே என்று வெந்நீரில் மட்டும் வைத்துவிடாதீர்கள், அணுக்கள் உடைந்துபோகும்.